வில்லுப்பாட்டு வீடியோ: போனில் புலவரின் குரலைக் காணவில்லை. ஆடியோ எக்ஸ்போர்ட்டில் எதை மாற்ற வேண்டும்?

பூதப்பாண்டிக்காரன்:
எங்கள் குடும்பக் கோயில் கொடை விழாவில் புலவர் (முதன்மைப் பாடகர்) பாடிய வில்லுப்பாட்டை டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் எடிட் செய்கிறேன். சவுண்ட் செட்டுக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர் ரெக்கார்டருக்கு வந்தது. கேமரா மைக்கின் ஒலி தனி டிராக்கில் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பு ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது. துபாயில் இருக்கும் சித்தப்பா போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "குலவையும் வெடிச்சத்தமும்தான் வருகின்றன, பாட்டு எங்கே?" என்கிறார். இப்போது ஒலியைச் சுருக்கும் ஏஏசி வடிவம், சாம்பிள் ரேட் 48,000, பிட்ரேட் 192 என்று வைத்திருக்கிறேன். சுருக்காத பிசிஎம்முக்கு மாற வேண்டுமா?

தக்கலை எடிட்டர்:
192 போதாது, 320 வையுங்கள். சாம்பிள் ரேட்டை 44,100 ஆக்குங்கள், சிடி தரம் அதுதான்.

குழித்துறை ஒலிப்பதிவாளர்:
தம்பி, எக்ஸ்போர்ட் பக்கத்தை மூடிவிட்டு டைம்லைனுக்குப் போங்கள். பிட்ரேட் குறைந்தால் ஒலி கரகரக்கும், மணிச்சத்தம் மழுங்கும். குரல் மட்டும் தனியாகக் காணாமல் போகாது. கொடை வீடியோக்களில் இந்தக் கோளாறு எனக்குப் பழக்கமானது. மிக்சரின் பேலன்ஸ்டு வெளியீட்டை ரெக்கார்டரின் ஸ்டீரியோ துளையில் நேரே செருகியிருப்பார்கள். அந்த வெளியீட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் வரும், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும். நேரானது இடப்பக்கமும் தலைகீழானது வலப்பக்கமும் பதிவாகிவிடும். ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் ஒன்று தனித்தனியாகப் போவதால் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டும், கூட்டினால் பூஜ்யம். கேமரா மைக்கில் விழுந்த குலவை மட்டும் மிஞ்சும்.

சோதித்துப் பாருங்கள். ஹெட்போனில் குரல் நடுநெற்றியில் நிற்காமல் தலைக்குப் பின்னால் பரவியதுபோல் இருக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் இடப்பக்கம் மேலே ஏறும் இடத்தில் வலப்பக்கம் கீழே இறங்கும். உறுதியானால் அந்தக் கிளிப்பில் வலது கிளிக் செய்து கிளிப் அட்ரிபியூட்ஸ், ஆடியோ. வகையை மோனோவாக்கி முதல் சானலை மட்டும் தேர்ந்தெடுங்கள். புலவர் திரும்பி வந்துவிடுவார்.

44,100 யோசனையை விட்டுவிடுங்கள். அது சிடிக்கு உரியது. கேமராக்கள் பொதுவாக 48,000இல் பதிகின்றன, வீடியோ உலகமும் அதில்தான் ஓடுகிறது. இருப்பதை எதற்கு மாற்றிக் கெடுக்க வேண்டும்?

பிசிஎம் கேட்டீர்கள். 16 பிட் ஸ்டீரியோவில் மணிக்கு சுமார் 690 எம்பி. ஏஏசி 320இல் 144 எம்பி. கொடைப் பாட்டு விடியும்வரை போகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் மூலப்பிரதிக்குப் பிசிஎம் நல்லது. உறவுக்காரர்களுக்கு ஏஏசி 320 தாராளம்.

தக்கலை எடிட்டர்:
320 என்று நானும் சொன்னேனே, அண்ணாச்சி.

குழித்துறை ஒலிப்பதிவாளர்:
சொன்னீர்கள், அதில் சண்டை இல்லை. வில்லில் கட்டிய மணிகளும் தாளமும் கூர்மையான ஒலிகள். 128இல், வில்லை அடிக்கும் வீசுகோல் விழும் ஒவ்வொரு முறையும் மணி சளசளக்கும். வெறும் பேச்சு என்றால் எனக்கு 128 சம்மதமே.

பூதப்பாண்டிக்காரன்:
முதல் சானலை மட்டும் வைத்தேன், போனில் பாட்டு முழுதாகக் கேட்கிறது! யூடியூபிலும் போட வேண்டும். ஆனால் குடத்தை அடிக்கும்போது மீட்டர் சிவப்பைத் தொடுகிறது. காற்று வேறு உறுமுகிறது.

குழித்துறை ஒலிப்பதிவாளர்:
ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகில் இருந்துகொண்டு காற்றைக் குறை சொல்லலாமா? கேமரா மைக் டிராக்கில் மட்டும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மிக்சர் டிராக்கில் வெட்டினால் குடத்தின் அடிநாதம் போய்விடும்.

ஒலியை எல்லை தாண்டவிடாத லிமிட்டர் போட்டு உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்துங்கள். மொத்த உரப்பு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) பக்கம் இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் யூடியூபே இறக்கிவிடும். குறைவாக அனுப்பினால் அது ஏற்றித் தராது, அதனால் ரொம்பவும் அடக்கிவிடாதீர்கள். ஸ்டீரியோவுக்கு அவர்கள் பரிந்துரைப்பது ஏஏசி 384, 48,000. உங்கள் பதிப்பில் 320தான் வருகிறது என்றால் அதையே அனுப்புங்கள், வித்தியாசம் தெரியாது.

சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.