மறு: ஆவணப்படத்தில் ‘சப்ஜெக்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆவணப்படத்தில் வருகிற உண்மை மனிதரை ஆங்கிலத்தில் ‘சப்ஜெக்ட்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழை நீண்டுவிட்டது. கதாபாத்திரம், நாயகர், பங்கேற்பாளர், தகவலாளி என்று வரிசையாக வந்து, நேற்று ‘பாட்டுடைத் தலைவன்’ வரை போய்விட்டோம். எனக்கு எதுவும் முழுசாக ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரையையும் வைக்கிறேன். வருகிற சொல் ஒப்பந்தத்திலும் விழா மலரிலும் விமர்சனத்திலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். அதுதான் என் அளவுகோல்.

> “படப்பிடிப்பில் எல்லாரும் கேரக்டர் என்றுதானே சொல்கிறோம்? கதாபாத்திரம் என்றே வைத்துவிடலாமே.”

சொல்கிறோம், உண்மைதான். எடிட்டிங் கணினியைத் திறந்தால் ஃபோல்டர்கள்கூட ‘கேரக்டர் 1 பேட்டி’, ‘கேரக்டர் 1 வீடு’ என்றுதான் இருக்கும். ஆனால் படம் முடிந்தால் கதாபாத்திரத்துக்கு வேலை முடிந்தது. ஆவணப்படத்தில் வந்தவருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம். மறுநாள் அதே குழாயடியில் நிற்க வேண்டும், படத்தைப் பார்த்துவிட்ட மேற்பார்வையாளரிடமே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) படத்துக்குத் திரையிடல்களில் போலீஸ் தடை வந்தது, கடைசியில் யூடியூபில் ஏறியது. அதில் முகம் காட்டிப் பேசிய தூய்மைப் பணியாளர்களைக் கதாபாத்திரங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிற படமும் உண்டு. அமெரிக்க இயக்குநர் ஃபிளஹர்டி 1922இல் வெளியிட்ட ‘நானூக்’. அதில் வரும் இனுயிட் (வடதுருவப் பகுதிப் பழங்குடி) வேட்டைக்காரரின் உண்மைப் பெயர் அல்லகாரியலாக். நானூக் என்பது இயக்குநர் வைத்தது. படத்தில் மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. அந்த ஊரில் துப்பாக்கி புழக்கத்துக்கு வந்த பிறகும், படத்துக்காக ஈட்டி பிடிக்கவைத்தார்கள். இதற்குக் கதாபாத்திரம் என்ற சொல் ரொம்பச் சரி. அதனால்தான் மற்றவர்களுக்கு வேண்டாம் என்கிறேன்.

> “மீண்டெழுந்தவர்களைப் பற்றிய படங்களில் நாயகர்/நாயகி என்றால் மரியாதையாக இருக்கும்.”

மரியாதைதான். கூடவே ஒரு சுமையும். நாயகி ஆகிவிட்டால் அவர் தோற்கக் கூடாது, சலித்துக்கொள்ளக் கூடாது, கடைசிப் பத்து நிமிடத்தில் நிமிர்ந்து நடந்தாக வேண்டும். நிமிராதவர் ரஃப் கட்டோடு (முதல் கட்ட எடிட்டோடு) போய்விடுவார். (‘ரெசிலியன்ஸ்’ என்பதற்கு எழுதுகிற ‘மீள்திறன்’ பற்றித் தனி இழையில் சண்டை போடலாம். எனக்குத் ‘தாங்குதிறன்’ பிடிக்கும். நிறையப் பேர் மீள்வதில்லை, தாங்குகிறார்கள்.)

அப்புறம், ஆவணப்படத்தில் வருகிற எல்லாரும் நாம் கைதட்ட வேண்டியவர்களா? அயோத்தி கோயில் பிரச்சினை பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘ராம் கே நாம்’ (1992) படத்தில் பூசாரியும் பேசுகிறார், கரசேவகரும் பேசுகிறார். இயக்குநர் எதிர்த்து நிற்கும் ஆளுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். நாயகர் அங்கே படுத்துவிடும்.

> “இப்போது உலகம் முழுவதும் பார்ட்டிசிபன்ட் என்கிறார்கள். பங்கேற்பாளர் போதும்.”

நல்லெண்ணத்தில் பிறந்த சொல். பங்கேற்பாளர் என்றதும் நமக்குக் கழுத்தில் அட்டையும் கையில் பயிலரங்கக் கோப்பும் ஞாபகம் வரும் என்பது சின்னக் குறை. பெரிய குறை, அது சம்மதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஃபிரெடரிக் வைஸ்மன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் மனநல மருத்துவமனையில் எடுத்து 1967இல் வெளியிட்ட ‘டிட்டிகட் ஃபாலிஸ்’ அந்த மாநிலத்தில் தடைசெய்யப்பட்டு, 1991 வரை பொதுமக்களுக்குக் காட்ட முடியாமல் கிடந்தது. உள்ளே இருந்தவர்களின் அந்தரங்கம் பற்றித்தான் வழக்கு. நிர்வாகம் அனுமதி தந்திருந்தது; காவலர்கள் அம்மணமாக நிறுத்தி வைத்திருந்த நோயாளி எதில் பங்கேற்றார்?

மறுமுனைக்கும் வாருங்கள். நிக்கோலா ஃபிலிபேர் பிரான்சில் ஒரு கிராமத்து ஒற்றை வகுப்புப் பள்ளியைப் படமாக்கி 2002இல் வெளியிட்டார். படம் எதிர்பாராத அளவுக்கு ஓடியது. வகுப்பாசிரியர் ழார்ழ் லோப்பேஸ், என் பாடமும் என் உழைப்பும்தானே படம், எனக்கும் பங்கு வேண்டும் என்று நீதிமன்றம் போனார். 2004இல் தள்ளிவிட்டார்கள், மேல்முறையீட்டிலும் அதே கதிதான். அவர் கேட்டது பங்கேற்பை விட அதிகம். ‘ஹூப் ட்ரீம்ஸ்’ (1994) எடுத்தவர்களோ வருமானத்தில், படத்தில் வந்த இரண்டு கூடைப்பந்துப் பையன்களின் குடும்பங்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். புந்தேல்கண்டின் ‘கபர் லகரியா’ பெண் செய்தியாளர்களைப் பற்றிய படம் ஆஸ்கர் இறுதிப் பட்டியலில் இருந்தபோதே, 2022 மார்ச்சில், எங்களைச் சரியாகக் காட்டவில்லை என்று அந்தப் பத்திரிகையே அறிக்கை விட்டது. ஆக, உறவு படத்துக்குப் படம் மாறுகிறது. சம்மதித்தாரா, பங்கு உண்டா, திருப்தியா என்பதையெல்லாம் படிவமும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். சொல் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுத வேண்டாம்.

தகவலாளி (கள ஆய்வில் தகவல் சொல்பவர்) நாட்டார் வழக்காற்றியலில் நன்றாகவே இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். நமக்கு வேண்டியது அவர் தந்த தகவல் மட்டும் இல்லை, அவர் முகம்.

> “கோவை நூல்களில் வரும் பாட்டுடைத் தலைவன் போல ‘படமுடைத் தலைவர்’ என்றால் என்ன?”

இந்த மடலைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. காதல் நிகழ்ச்சிகளை வரிசையாகக் கோத்துப் பாடும் கோவை என்ற இலக்கிய வகையில் இரண்டு தலைவர்கள் உண்டு. காதலிப்பவன் கிளவித் தலைவன், அவனுக்குப் பெயர் கிடையாது. பெயரோடு புகழப்படும் அரசனோ வள்ளலோ பாட்டுடைத் தலைவன். அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் வரம்பு கட்டியதிலிருந்து வந்த ஏற்பாடு இது. நாம் செய்வது நேர் எதிர். கேமராவை அடுப்படி வரைக்கும் கொண்டுபோய், அழுதுகொண்டிருக்கும்போது திரைக்குக் கீழே பெயரையும் ஊரையும் போடுகிறோம். பெயர் போடுவதா, முகத்தை மறைப்பதா என்று எடிட்டிங்கில் நடக்கிற வாக்குவாதத்துக்குத் தமிழில் இவ்வளவு பழைய வேர் இருப்பது எனக்குப் புதிது. மடல் எழுதிய ஆசிரியைக்கு நன்றி.

ஆனாலும் சொல்லாக எடுக்க முடியாது. பாட்டுடைத் தலைவன் பெரும்பாலும் பரிசில் தருகிறவன். இங்கே படத்தில் வருபவரிடமிருந்து நாம்தான் வாங்கிக்கொண்டு போகிறோம். போதாததற்கு, ‘படமுடைத் தலைவர்’ என்று அழைப்பிதழில் அச்சடித்தால் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வருகிறார் என்று மாலை வாங்கிவிடுவார்கள்.

சரி, என் பரிந்துரை: படமாந்தர்.

கதைமாந்தர் பள்ளிப் பாடத்திலிருந்தே தெரிந்த சொல். கதையை எடுத்துவிட்டுப் படத்தை வைத்தால் போதும். கேட்டவுடன் பாதி புரிந்துவிடும். மாந்தர் என்பதில் புகழ்ச்சியும் இல்லை, இழிவும் இல்லை. பூசாரி, நோயாளி, வாத்தியார், வேட்டைக்காரர் எல்லாரும் அடங்குவார்கள். படமாந்தர் ஒப்புதல், முதன்மைப் படமாந்தர், படமாந்தர் பங்கு என்று கூட்டுச்சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன. இலங்கை நண்பர்கள் விவரணப்படம் என்று எழுதுவார்கள், அதற்கும் இது செல்லும்.

மாந்தர் பன்மையாயிற்றே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கதைமாந்தரை ஒருமைக்கும் மரியாதையோடு எழுதிப் பழகிவிட்டோம், அதே சலுகை இதற்கும். பன்மைக்குப் படமாந்தர்கள். புனைகதைப் படத்திலும் மனிதர்கள்தானே வருகிறார்கள் என்றால், அங்கே கதைமாந்தரும் நடிகரும் ஏற்கெனவே இருக்கிறார்கள், இடம் காலியில்லை. பேச்சில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சட்டையில் மைக்கை மாட்டிவிடும் தம்பி ‘கேரக்டர் ரெடி சார்’ என்றுதான் சொல்வான், சொல்லட்டும்.

ஒரே ஒரு இடத்தில் படமாந்தர் உட்பட எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம் என்பேன்: அவர் கையில் தருகிற ஒப்புதல் படிவம். இப்போது புழங்கும் படிவங்களின் நடை இப்படி இருக்கிறது: “மேற்படி சப்ஜெக்ட் தனது உருவம் மற்றும் குரலை, தற்போதுள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படும் அனைத்து ஊடகங்களிலும் பயன்படுத்த இதன்மூலம் சம்மதிக்கிறார்.” மேற்படி சப்ஜெக்ட் எதிரிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! நான் எழுதிப் பார்த்தது: “நீங்கள் பேசியதையும் உங்கள் முகத்தையும் இந்தப் படத்தில் சேர்க்கிறோம். முடிப்பதற்கு முன் உங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். வேண்டாம் என்று நீங்கள் சொல்கிற இடத்தை அப்போது எடுத்துவிடுவோம்.” கடைசி வாக்கியத்தை அமைச்சருக்கோ ஆலை முதலாளிக்கோ தர முடியாது என்று இயக்குநர்கள் சண்டைக்கு வருவார்கள், வர வேண்டியதுதான். அவர்களுக்கு வேறு படிவம்.

சொற்பட்டியலில் சேர்க்க இந்த வரியை முன்மொழிகிறேன்: “படமாந்தர் – ஆவணப்படத்தில் நடிக்காமல், தாம் யாரோ அவராகவே தோன்றும் அல்லது பேசும் உண்மை மனிதர்.” ‘நடிக்காமல்’ என்பதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம், கேமரா முன்னால் எல்லாரும் கொஞ்சம் நடிக்கத்தான் செய்கிறோம். வேறு நல்ல சொல் இருந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றி அனுப்புங்கள்.