அட்டை முகமூடியை ஆவணம் என்று சொல்லலாமா?

கடலோடி: ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவே உள்ள டாரஸ் நீரிணையில் மெர் என்றொரு சின்னத் தீவு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. மெலனீசிய மக்கள். 1898-ல் மானுடவியலாளர் ஹாடன் தலைமையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு அங்கே எடுத்த படங்களை நேற்று பார்த்தேன். புகைப்படங்களோடு சில நிமிடச் சலனப்படமும் இருக்கிறது. இலைப் பாவாடை கட்டிய ஆண்கள் மணலில் வட்டமாக ஆடுகிறார்கள், மாலோ என்ற தெய்வத்தின் வழிபாட்டு ஆட்டமாம். ஆனால் முகமூடி அட்டையில் செய்தது! அசல் ஆமை ஓட்டால் ஆனது. 1871-ல் அந்த நீரிணைத் தீவுகளுக்குக் கிறித்தவ மிஷனரிகள் வந்த பிறகு அந்த வழிபாடே நின்றுபோனது. அப்படியென்றால் இது கேமராவுக்காகப் போட்ட நாடகம்தானே?

செம்பருத்தி: கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் 27 வருடம்தான். 1871-ல் இருபது வயதில் ஆடியவருக்கு அப்போது 47. கால் மறந்திருக்குமா? அட்டையை வெட்டி முகமூடி செய்ததும் அந்த ஊர்க்காரர்களே. அசல் எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாமலா செய்தார்கள்?

கடலோடி: ஹாடன் கேட்டார், அதனால் செய்தார்கள். கேட்காவிட்டால் யாரும் ஆடியிருக்கப் போவதில்லை.

பழையபெட்டி: இரண்டு பேரும் அட்டையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்த வழிபாட்டில் தெய்வத்தின் பொமாய் என்ற பெயர் தீட்சை பெற்ற ஆண்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு மாலோ என்ற பெயர்தான். பெயரையே மறைத்து வைத்த சடங்கை இன்றைக்கு நான் பேருந்தில் தொங்கிக்கொண்டு போனில் பார்க்கிறேன். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. தனக்குச் சொந்தமில்லாததை மாலோ தொடமாட்டார் என்பது அந்த மக்களின் சட்டம், ஐயா.

செம்பருத்தி: சரி, அதே பயணத்தின் இன்னொரு பலனையும் பாருங்கள். குழுவில் இருந்த ரிவர்ஸ், யார் யாருக்கு உறவு என்று வம்சாவளி எழுதினார். நிலம் எங்களுடையது என்று மெர்க்காரரான எடி மாபோவும் மற்றவர்களும் போட்ட வழக்கில் அந்தக் குறிப்புகள் சான்றாக வந்தன. 1992 ஜூன் 3-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. மாபோ அதற்குச் சில மாதம் முன்புதான் இறந்திருந்தார்.

கடலோடி: அது வம்சாவளி, படம் இல்லையே! இருந்தாலும் 'நாடகம்' என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் 'அட்டை முகமூடி, கேட்டதற்காக ஆடியது' என்று கீழே எழுதாமல் பகிர்ந்தால் சண்டைக்கு வருவேன்.

பழையபெட்டி: தாராளமாக எழுதுங்கள். பகிரலாமா என்று மெர்க்காரர்களிடம் கேட்டீர்களா, அதையும் சேர்த்து எழுதுங்கள்.