தங்கச்சி தென்பெருங்கடலுக்குப் போகிறாள்: ஆராய்ச்சிக் கப்பலில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கோத்தகிரிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி கடல் வேதியியல் படிக்கிறாள். இந்த வருஷம் அண்டார்டிகா பக்கம் போகும் ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. கேப் டவுனில் கப்பல் ஏற வேண்டும். வீட்டில் சந்தோஷம்தான், ஆனால் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. "கோத்தகிரியில் பிறந்தவளுக்குக் குளிர் புதுசா?" என்று இவள் கேட்கிறாள். எனக்குக் கவலை குளிரைப் பற்றி இல்லை. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கினாலே பாதி வழியில் வாந்தி எடுப்பாள். அவ்வளவு பெரிய அலையில் என்ன செய்வாள்? சுத்த சைவம் வேறு. அங்கே என்ன வேலை கொடுப்பார்கள், ஸ்வெட்டர் ஜெர்கின் எல்லாம் ஊட்டியிலேயே வாங்கிவிடலாமா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெலிங்டன் அக்கா:
தம்பி, நான் குன்னூர் வெலிங்டன். கோவாவில் வேலை பார்த்தபோது தென்பெருங்கடலுக்குப் போயிருக்கிறேன், சோதனைக்காகக் கடல் நீரை எடுக்கும் வேலைக்குத்தான்.

முதலில் வாந்தி. பஸ்ஸில் வருகிறவளுக்குக் கப்பலிலும் வரும், அம்மாவிடம் மறைக்க வேண்டாம். கேப் டவுனிலிருந்து தெற்கே போகப் போக, 40 டிகிரி அட்சரேகை தாண்டிவிட்டால் மேற்குக் காற்றைத் தடுக்க அநேகமாக நிலமே கிடையாது. அலை வளர்ந்துகொண்டே வரும். அதோடு, பனிக்கட்டியில் ஓட்டும் கப்பலுக்கு அடிவயிறு வழவழவென்று உருண்டையாக இருக்கும். மற்ற கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் நீளமாகத் தகடு வைப்பார்கள், இதில் வைத்தால் பனி பிய்த்துவிடும். அதனால் திறந்த கடலில் இது மற்றதை விட அதிகமாகவே உருளும். மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வெறும் வயிறாக இருக்கக் கூடாது, ரஸ்க், பிஸ்கட் மாதிரி காய்ந்ததாக எதையாவது கடித்துக்கொண்டே இருக்கணும். முடியாவிட்டால் படுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு நாளில் உடம்பு பழகிவிடும். அப்புறம் மிதக்கும் பனிக்குள் நுழைந்ததும் கடல் அடங்கிவிடும், பனி அலையை எழ விடாது.

குளிரைப் பற்றி ஒன்று சொல்கிறேன், யாரும் நம்ப மாட்டார்கள். ஜனவரி மாதம் நம் வீட்டுக்குள் இருக்கும் குளிர் கப்பலுக்குள் இருக்காது. நமக்கு ஹீட்டர் ஏது? அங்கே உள்ளே எப்போதும் சூடு ஓடிக்கொண்டிருக்கும், டி-ஷர்ட்டோடு நடப்பார்கள். காற்று வறண்டு உதடு வெடிக்கும், அதுதான் தொல்லை. குளிர் எல்லாம் வெளித்தளத்தில்தான், அதுவும் ஈரமும் காற்றும் சேரும்போது. மேலுக்குப் போடும் கனமான உடையைப் பொதுவாகக் குழுவே கொடுக்கும். உள்ளே போடும் கம்பளி உள்ளாடை, மெல்லிய கம்பளிக் கையுறை, குரங்கு குல்லா, இதெல்லாம் ஊட்டியிலேயே வாங்கலாம். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது.

இப்போது வேலைக்கு வருகிறேன், தங்கச்சி இதைக் கட்டாயம் படிக்கணும். கடலின் உப்பு, வெப்பநிலை, ஆழம் அளக்கும் சிடிடி என்ற கருவியைச் சுற்றி வட்டமாகப் பெரிய புட்டிகள் இருக்கும், பெரும்பாலும் 24. கம்பியில் கட்டி இறக்குவார்கள், வினாடிக்கு ஒரு மீட்டர் கணக்கு. 4,000 மீட்டர் போய்த் திரும்ப, நடுவில் நிற்பதையும் சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். மேலே வரும்போது வேண்டிய ஆழத்தில் ஒவ்வொரு புட்டியாக மூடிக்கொண்டு வரும். தளத்துக்கு வந்ததும் யார் முதலில் நீர் பிடிப்பது என்பதற்கு முறை உண்டு. கரைந்த வாயுக்களைப் பார்ப்பவர்கள்தான் முதலில், ஏனென்றால் புட்டியைத் திறந்த நொடியே வெளிக்காற்று கலக்க ஆரம்பிக்கும். ஆக்சிஜன், அடுத்து கார்பன், பிறகு சத்துப்பொருள்கள், கடைசியில் உப்பு.

ஆக்சிஜன் என் வேலை. ரப்பர் குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, நீர் தளும்பி வழிய வழியப் பிடிக்கணும். ஒரு குமிழி கூட இருக்கக் கூடாது. மாங்கனீஸ் கரைசல் ஒன்று, காரமும் அயோடைடும் கலந்தது ஒன்று, இரண்டையும் ஊற்றி மூடியைச் சாய்வாக இறக்கிக் குலுக்கினால் காபித்தூள் நிறத்தில் வீழ்படிவு திரளும். ஆக்சிஜன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கருக்கும். அரபிக்கடலில் 300, 400 மீட்டர் ஆழத்து நீரில் இதையே செய்தால் கிட்டத்தட்ட வெள்ளையாகவே நிற்கும், அங்கே ஆக்சிஜன் அவ்வளவு குறைவு. தெற்கே அடியாழத்து நீரிலும் நல்ல பழுப்பு வரும். அண்டார்டிகா ஓரத்தில் கடல் உறையும்போது மிஞ்சும் உப்பால் கனத்து மூழ்கும் நீர்தான் நம் இந்தியப் பெருங்கடலின் அடி வரை ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. முதல் முறை அந்த நிறத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாடத்தில் படித்தது கையில் இருக்கிறது!

அந்த நீர் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும், உப்பு நீர் உறைய மைனஸ் 1.8 வரை போகணும். விரல் மரத்துவிடும். கம்பளிக் கையுறைக்கு மேலே ரப்பர் கையுறை போட்டு, பக்கத்தில் வெதுவெதுப்பாக ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

12 மணி நேர ஷிப்ட் என்றால் நள்ளிரவில் எழுந்து வேலைக்குப் போக வேண்டி வரும். கோடையில் தெற்கே இருட்டே வராது, கண்ணுக்குக் கட்டும் துணி ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். சாப்பாட்டு நேரத்தை விட்டால் விட்டதுதான், ஷிப்ட்காரர்களுக்குத் தனியாக எடுத்து வைக்கச் சமையலறையில் முன்கூட்டியே சொல்லணும். சைவம் பிரச்சினை இல்லை. கீரை, தக்காளி சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி வரை தாக்குப்பிடிப்பது முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு. எல்லாம் நம் ஊர்க் காய்தானே! அம்மாவிடம் பருப்புப்பொடி மட்டும் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்பே பல்லை டாக்டரிடம் காட்டிவிடணும். இரும்புக் கதவின் நிலையில் கை வைக்கக் கூடாது, கப்பல் சாய்ந்தால் கதவு தானாக அறையும், விரல் போய்விடும்.

கொடைக்கானல் சோலை:
அக்கா சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். நான் கப்பலில் போனதில்லை, இங்கே சோலை மீட்பு வேலை செய்கிறேன். அண்டார்டிகாவில் கால் வைக்கும் முன் பூட்ஸ், பை, ஜெர்கின் எல்லாவற்றையும் வேக்குவம் போட்டு விதை எடுப்பார்கள். 1991 மாட்ரிட் ஒப்பந்தப்படி வெளி உயிர்களை அங்கே கொண்டுபோகக் கூடாது. அப்படியும் போலந்தின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்துப் பக்கம் போவா அனுவா என்ற சாதாரணப் புல் முளைத்துப் பரவியது. வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் நம் புல்வெளியை என்ன செய்தது என்று தினமும் பார்க்கிறவன் நான், அதனால் கேட்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஷூவை எடுத்துப் போக வேண்டாம். புதுசாக வாங்கட்டும். வெல்க்ரோ பட்டிகளை ஊசியால் கிளறிச் சுத்தம் செய்யட்டும், விதை ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது.

கோத்தகிரிக்காரன்:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கதவில் கை வைக்காதே" என்று இப்போதே வீட்டுக் கதவைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இன்னொரு கேள்வி, தினமும் போன் பேச முடியுமா?

வெலிங்டன் அக்கா:
அதை நம்பி இருக்க வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் தெற்கே போகப் போக அடிவானத்தை ஒட்டி இறங்கிவிடும், கப்பல் ஆடும்போது சிக்னல் அறுந்து அறுந்து வரும். இரிடியம் என்ற செயற்கைக்கோள்கள் துருவத்துக்கு மேலாகவே சுற்றுபவை, அந்த போன் எங்கேயும் கிடைக்கும், ஆனால் அழைப்புக்குக் காசு அதிகம். நாங்கள் வீட்டுக்குச் சின்னச் செய்தியாக அனுப்புவோம். நாள் குறித்துக்கொள்ளாதீர்கள், குறித்த நாளில் வராவிட்டால் அம்மா பயப்படுவார். கப்பல் இருக்கும் இடத்தையும் நலத்தையும் கரையிலிருந்து கேட்டுச் சொல்ல ஒருவர் இருப்பார். அவர் எண்ணைத் தங்கச்சி கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேதியியலில் கேள்வி ஏதாவது இருந்தால் இங்கேயே எழுதச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.