ஏஸ் கொம்பற் 7: கேம் கடைக்குச் சரிவருமோ?

கண்டாவளைப்_பொடியன்:
கிளிநொச்சிப் பக்கம் சின்னக் கேம் கடை ஒண்டு. மூண்டு கொம்பியூட்டர், எல்லாம் 8 ஜிபி ரம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட், சாதாரண ஹார்ட் டிஸ்க். பிளேன் சண்டைக் கேம் கேட்டு வாறாங்கள். ஏஸ் கொம்பற் 7 போட்டா மணித்தியாலக் கணக்குக்கு ஓடுமோ? கீபோர்ட் காணுமோ? குறையையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ.

முறிகண்டி_விங்மேன்:
மெஷின் காணும் தம்பி. 2019 இல வந்த கேம், ஆகக்குறைஞ்சது ஜிடிஎக்ஸ் 750 டிஐ தான் கேக்குது. உங்கட கார்ட்டில 1080பி திரையில, படத்தரத்தை மீடியத்தில வைச்சா வடிவா ஓடும். பிரேம் விழுந்தா (படம் விக்கி விக்கி ஓடினா) முகில் கூடின இடத்திலதான் விழும். இடம் 50 ஜிபி அளவில வேணும். ரவுட்டர் டேட்டாவில இறக்கிறதெண்டா ஒரு மெஷினில இறக்கி, ஸ்டீமில (கேம் வாங்கி இறக்கிற மென்பொருள்) பக்கப் எடுத்து மற்றதுகளுக்கு ஏத்துங்கோ.

அந்த முகில்தான் இந்தக் கேமின்ர பெரிய பலம். சும்மா படத்துக்கு இல்லை. பின்னால மிசைல் வந்தா முகிலுக்குள்ள பூந்து தப்பலாம். ஆனா கனநேரம் உள்ள நிண்டா ஐஸ் பிடிச்சு பிளேன் சொன்ன சொல்லுக் கேக்காது, உங்கட மிசைலும் குறி தவறும். பூந்து, திசையை மாத்தி, உடனே வெளியில வரவேணும்.

பறக்கிறது லேசு. கொன்ட்ரோலரின்ர பின்பக்க ட்ரிகரில வலது (ஆர்டி) வேகம், இடது (எல்டி) பிரேக். ரெண்டையும் ஒண்டா அமத்தி ஸ்டிக்கை இழுத்தா ஹை-ஜி திருப்பம், அதாவது சடாரெண்டு இறுக்கமாத் திரும்புறது. புதுசா வாறவை இதிலதான் மாட்டுப்படுவினம்: திருப்பத்துக்கு மேல திருப்பம் எடுக்க வேகம் செத்து ஸ்டோல் ஆகும், பிளேன் தாங்காமல் விழப்பாக்கும். அப்ப ஸ்டிக்கை இன்னும் இழுத்தா விழுகைதான். மூக்கை நிலத்துக்குக் குத்தி, ஆர்டியை முழுக்க அமத்தி, வேகம் ஏறினாப் பிறகு நிமித்த வேணும்.

மிசைல் விசயத்தில கேமுக்கு வெக்கமே இல்லை. நிஜ எஃப்-16 ஆறு வான்-வான் மிசைல் காவும், இதில டசின் கணக்கில கிடைக்கும். அதுக்காக லொக் (எதிரியில விழுற குறி) சிவந்த உடனே தூரத்தில இருந்து, அதுவும் நேருக்கு நேர், ஒரே தரத்தில தயாரா இருக்கிற ரெண்டு மிசைலையும் அடிச்சா ரெண்டும் போச்சு. திரும்ப லோட் ஆகும்வரை கை வெறும். பின்பக்கத்துக்குப் போய் ஆயிரம் மீற்றருக்குள்ள வந்து ஒண்டு அடி, மற்றதைக் கையில வை.

ஏ9_ராடர்:
அண்ணை சொன்னதெல்லாம் சரி, வீட்டில வைச்சு விளையாடுறவனுக்கு. கடைக்கு நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். ஒரே திரையில ரெண்டு பேர் விளையாட வழியில்லை. ஒன்லைனில எட்டுப் பேர் வரைக்கும் சேரலாம், ஆனா எங்கட லைனுக்கு அது சரிவராது. மிச்சம் 20 மிஷன் கதைதான். ஒரு மணித்தியாலத்துக்குக் காசு குடுத்தவன் முதல் கொஞ்ச நேரம் இங்கிலீசில கதை பாத்துக்கொண்டு இருப்பானோ? ஸ்கிப் பண்ணினாலும் சண்டைக்கு நடுவில ரேடியோவில சொல்லுற புதுக் கட்டளை கீழ சப்டைட்டிலா ஓடும். எதிரியைப் பாக்கிறதோ, எழுத்தைப் பாக்கிறதோ?

ஆறாவது மிஷனையும் பாருங்கோ. நேரத்துக்குள்ள இத்தனை புள்ளி எடுத்தாத்தான் பாஸ். நல்லாப் பறக்கிறவனும் வான் சண்டைக்கான பிளேனோட போனாத் தோப்பான். நிலத்து இலக்குகள் நிறைய இருக்கிறதால நிலத்தைத் தாக்கிற ஏ-10 மாதிரி ஒண்டை எடுக்கவேணும். இதை எவனும் முன்கூட்டிச் சொல்லமாட்டான். அதோட பிளேன் வாங்கிற எம்ஆர்பி புள்ளியைக் கண்ட கண்ட பிளேனுக்குச் செலவழிச்சா, தேவைப்படுற பிளேன், கேமில மரம் மாதிரிக் கிளைக்கிற பிளேன் பட்டியலின்ர மற்றக் கொப்பில நிக்கும்.

கடைக்கெண்டா 2020 இல வந்த புரொஜெக்ட் விங்மேன் எண்ட பிளேன் சண்டைக் கேமைப் பாருங்கோ. அதில கொங்குவெஸ்ட் மோட் இருக்கு: கதை இல்லை, வரைபடத்தில இடம் இடமாப் பிடிச்சுக்கொண்டு போறது. வாறவன் இருந்த உடனே சண்டை. சில பிளேனில மூண்டு வகை விசேட ஆயுதம் ஏத்தலாம், ஏஸ் கொம்பற்றில ஒண்டுதான். ஆனா முகில் உந்தளவு வடிவில்லை.

இன்னொண்டு, ஹெட்செற் கட்டாயம். ஜெட் பதிஞ்சு வாற சத்தம் ஸ்பீக்கரில றோட்டுக்குக் கேக்கக் கூடாது. போர்க் காலத்தில கிபிர் குண்டுவீச்சு விமானச் சத்தத்துக்குப் பங்கருக்குள்ள ஓடின சனம்தான் உங்கட கடைக்கு முன்னால போய்வருது.

கண்டாவளைப்_பொடியன்:
நன்றி அண்ணையவை. ஹெட்செற் விசயம் யோசிக்கவே இல்லை, வாங்குறன். கொன்ட்ரோலர் மலிவான வயர் பாட் போதுமோ?

முறிகண்டி_விங்மேன்:
கீபோர்ட்டில விளையாடலாம், ஆனா மெல்லத் திரும்புறது எண்டது இல்லை, எல்லாம் முழுத் திருப்பம்தான். பாட் வாங்கேக்க ரெண்டு விசயம் பாருங்கோ. ஒண்டு, எக்ஸ்-இன்புட் மோட் (எக்ஸ்பொக்ஸ் பாட் மாதிரி வேலை செய்யிற முறை) இருக்கவேணும். பழைய முறையான டி-இன்புட் மட்டும் உள்ளதைச் செருகினா பட்டன் எல்லாம் மாறிக் கிடக்கும். மற்றது, ட்ரிகர் அனலொக்கோ எண்டு கடையிலேயே பாருங்கோ. விண்டோஸில "ஜோய்.சிபிஎல்" ஓடவிட்டு ட்ரிகரை மெதுவா அமத்த, காட்டுறது படிப்படியா நகர வேணும். ஒரே பாய்ச்சலாப் பாஞ்சா அது வெறும் பட்டன்: அரைவேகம் வைக்கேலாது.

எங்கட புழுதிக்கு ஸ்டிக் கெதியில இழுபடத் தொடங்கும், பிளேன் தன்பாட்டில ஒரு பக்கம் சரியும். ஸ்டீம் செற்றிங்கில டெட்சோனை (ஸ்டிக் அசைஞ்சாலும் கணக்கெடுக்காத நடு இடம்) கொஞ்சம் கூட்டினா அடங்கும். அதுக்கும் அடங்காட்டி ஸ்டிக்கை மாத்துறதுதான்.