நேரோபோட்டில் குளிர்காலம்: சுவர் வியர்ப்பதைத் தடுப்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில், நேரோபோட் எனப்படும் குறுகலான கால்வாய்ப் படகிலேயே குடியிருக்கிறோம். விடிகாலையில் ஜன்னல் சட்டங்களில் நீர் சொட்டுகிறது. மெத்தையின் அடிப்புறமும் பூஞ்சை பிடித்துவிட்டது. காற்றுத்துளைகளை அடைத்துவிடலாமா?

பதில் 1: தயவுசெய்து அடைக்காதீர்கள். மூச்சுக்காற்றில் உள்ள ஈரமும் சமையல் ஆவியும் படகின் குளிர்ந்த எஃகுச் சுவரில் பட்டுத்தான் நீராகின்றன. துளைகளை அடைத்தால் அவை வெளியேற வழியில்லாமல் போவதோடு, நிலக்கரி அடுப்பு எரியும் சிறிய அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேர்ந்து உயிருக்கே உலை வைத்துவிடும். அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் இத்தகைய படகுகளில் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம்.

பதில் 2: மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடுக்கினால் காற்று ஓடும். கொதிக்கும் பாத்திரத்தை மூடியே வையுங்கள்.

பதில் 3: நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகு பொதுவாக 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. ஆனால் கால்வாய் உறைந்துவிட்டால் நகர முடியாது; அதற்குள் நிலக்கரியையும் குடிநீரையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.