சிகாகோ நகர மன்றம், 1905–06: தெருவுக்குத் தளம் போட்ட சட்டத்தை ஏடுகளில் பின்தொடர்வது எப்படி?

ஏடுபுரட்டி:

சிகாகோ நகர மன்றத்தின் 1905–06 நடவடிக்கை ஏட்டில், ஒரு குடியிருப்புத் தெருவுக்கு அஸ்பால்ட் தளம் போட்ட விவரத்தைத் தேடுகிறேன். சட்டம் மன்றத்துக்கு வந்த அன்றே நிறைவேறியிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆதரவு வாக்குகள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, விவாதமும் ஒரு வரி இல்லை. சில மாதம் கழித்து அதே சட்டம் ரத்தாகி, கிட்டத்தட்ட அதே வாசகத்தில் இன்னொன்று வருகிறது. தெருக்காரர்கள் என்ன சொன்னார்கள், யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதெல்லாம் எங்கே இருக்கும்? வீட்டு எண்களும் இன்றைய வரைபடத்தோடு ஒத்துவரவில்லை.

கோப்பறை:

மன்ற ஏட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. தளம் போடும் வேலையில் மன்றத்தின் பங்கு மிகச் சின்னது. சண்டை அதற்கு முன்னால் நகரத்தின் உள்ளூர் மேம்பாட்டு வாரியத்தில் நடந்திருக்கும்; பிறகு நீதிமன்றத்தில் நடந்திருக்கும்.

1897-இல் வந்த இல்லினாய் மாநிலத்தின் உள்ளூர் மேம்பாட்டுச் சட்டம்தான் இதற்கு அடிப்படை; கீழே சொல்வதெல்லாம் அக்கால நடைமுறை. ஒரு வேலைக்கான செலவைப் பக்கத்து மனைக்காரர்களிடமே சிறப்பு வரியாக வசூலிப்பதென்றால், அதற்கான சட்டவரைவு உள்ளூர் மேம்பாட்டு வாரியத்திலிருந்துதான் வர வேண்டும். ஆல்டர்மேன் (நகர மன்ற உறுப்பினர்) எவரும் தாமாக அதைக் கொண்டுவர முடியாது. சிகாகோவில் அந்த வாரியத்துக்கு 5 உறுப்பினர்கள். மேயர் நியமிப்பார், மன்றம் ஒப்புதல் தரும்.

வாரியம் முதலில் வேலையை விவரித்து ஒரு தீர்மானம் போடும். பொறியாளரின் செலவு மதிப்பீடு, இனம் இனமாகப் பிரித்தபடி, அதோடு சேரும். குறைந்தது 10 நாள் கழித்துப் பொது விசாரணை. அதற்கு 5 நாளாவது முன்னதாகத் தபாலில் அறிவிப்பு போக வேண்டும். யாருக்கு என்பதைக் கவனியுங்கள்: அந்த மனைக்குக் கடைசியாக வரி கட்டியவருக்கு. குடித்தனக்காரருக்கு எதுவும் போகாது. ஆகவே அந்தக் கோப்புகளில் எதிர்ப்பு இல்லையென்றால் தெருவே ஒத்துக்கொண்டது என்று எழுதிவிடாதீர்கள். மனைச் சொந்தக்காரர்கள் எதிர்க்கவில்லை என்று மட்டும்தான் எழுதலாம்.

விசாரணையில் மூன்றைப் பற்றிப் பேசலாம்: வேலை தேவைதானா, எப்படிப்பட்ட வேலை, என்ன செலவு. வாரியம் கேட்டுவிட்டுத் திட்டத்தைக் கைவிடும், மாற்றும், அல்லது அப்படியே வைத்துக்கொள்ளும். மாற்றத்தால் மதிப்பீடு 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மறுபடி விசாரணை வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பரிந்துரை, மதிப்பீடு, சட்டவரைவு மூன்றும் ஒரே கட்டாக மன்றத்துக்கு வரும். மதிப்பீடு 1,00,000 டாலரைத் தாண்டினால் கமிட்டிக்கு அனுப்பி, ஏட்டில் முழுதாக அச்சிட்டு ஒரு வாரமாவது வைத்திருக்க வேண்டும். சில பிளாக் நீளமுள்ள குடியிருப்புத் தெரு அந்தத் தொகைக்கு வெகு கீழே இருக்கும். அதனால்தான் வந்த இரவே நிறைவேறியது.

யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதற்கு நீதிமன்றக் கோப்பைப் பாருங்கள். சட்டம் நிறைவேறியதும் நகரம் நீதிமன்றத்தில் மனுப்போடும். மனைவாரியாக வரிப்பட்டியல் தயாராகும். ஒரு மனைக்கு விதிக்கும் தொகை, அந்த வேலையால் அதற்குக் கிடைக்கும் நன்மையைத் தாண்டக் கூடாது. ஊருக்கே பயன்படும் பங்கு என்று கணக்கிட்டதை நகரமே ஏற்கும். ஆட்சேபங்களைக் கேட்டு நீதிமன்றம் உறுதிசெய்த பிறகுதான் வசூல். தவணையாகக் கட்டலாம், நிலுவைக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி.

அளவுகோல்:

ரத்து விஷயத்துக்கு வருகிறேன். பல நேரம் காரணம் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கும். வேலையின் தன்மை, இடம், விவரம் மூன்றையும் சட்டமே சொல்ல வேண்டும் என்பது விதி. ஏதாவது ஓர் அளவு விட்டுப்போனால் ஆட்சேபிப்பவரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். சாலை விளிம்புக் கல்லின் உயரத்தைச் சொல்லாமல் விட்டால்கூட வழக்கு அங்கேயே நிற்கும். அப்படியொரு ஓட்டையை நீதிமன்றத்தில் வைத்து அடைக்க முடியாது. மன்றத்தில் புதுச் சட்டம்தான் போட வேண்டும். ஆகவே இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் காரணம்.

குறிப்பாக மூன்று இடங்கள். முதலாவது மட்டம்: உயரங்கள் எல்லாம் ‘சிகாகோ டேட்டம்’ என்ற அடிமட்டத்துக்கு மேல் இத்தனை அடி என்று இருக்கும். மிச்சிகன் ஏரியின் 1847-ஆம் ஆண்டுத் தாழ்நீர் மட்டம்தான் அந்த அடிமட்டம். குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றுக்கும் எண் தருவார்கள். அதில் ஒன்று தப்பாக இருந்தாலும் சிக்கல். அடுத்தது தளத்தின் அடுக்கு: அக்காலத்து அஸ்பால்ட் தளத்தில் கீழே 6 அங்குலக் கான்கிரீட், அதன்மேல் 1½ அங்குல இணைப்பு அடுக்கு, மேலே 1½ அல்லது 2 அங்குல அஸ்பால்ட் என்பது வழக்கம். அடுத்தது டிராம் தடம். இரட்டைத் தடம் போகும் தெருவில் நடுவே 16 அடி அகலத்தை விலக்கியே சட்டம் எழுதுவார்கள். அந்தப் பட்டைக்குத் தளம் போடுவது டிராம் கம்பெனியின் பொறுப்பு. விலக்க மறந்தால் மனைக்காரர் தலையில் கம்பெனியின் செலவு ஏறிவிடும்.

இன்னொன்று: கழிவுநீர்க் குழாயும் வீடுகளுக்கான தண்ணீர்க் கிளைக்குழாயும் தளத்துக்கு முன்னால் போட்டாக வேண்டும், இல்லையென்றால் புதுத் தளத்தைத் தோண்ட வேண்டிவரும். அவற்றுக்குத் தனிச் சட்டமே வந்திருக்கலாம். அதே தெருப் பெயரில் அதையும் தேடுங்கள்.

ஏடுபுரட்டி:

தெளிவாகிறது, நன்றி. அப்படியானால் மன்ற வாக்கெடுப்புக்கே மதிப்பில்லையா? வேறு விஷயங்களில் ‘ஒத்திவைத்து அச்சிடுக’ என்று அடிக்கடி வருகிறதே.

கோப்பறை:

நிச்சயம் மதிப்புண்டு, தளம் போடும் விஷயத்தில்தான் குறைவு. அன்று 35 வார்டு, வார்டுக்கு 2 ஆல்டர்மேன், ஆக 70 பேர். இரண்டு ஆண்டுப் பதவிக்காலம், ஆண்டுக்கு ஒருவராகத் தேர்தல். சட்டம் எதுவானாலும், பணம் செலவாகும் தீர்மானம் எதுவானாலும், பெயர் சொல்லி ‘ஆம்’, ‘இல்லை’ பதிவாக வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, தேர்ந்தெடுக்கப்பட்ட மொத்தப் பேரில் பெரும்பான்மை வேண்டும், அதாவது 36. மேயரின் வீட்டோவை மீற 47. வராதவர் எதிர்த்தவருக்குச் சமம் என்பதால், வருகைப் பட்டியலையும் வாக்கோடு சேர்த்தே படியுங்கள்.

நீங்கள் பார்த்த அந்தத் தொடர் சிறு கட்சியின் கையில் இருந்த நல்ல ஆயுதம். கமிட்டி அறிக்கை எதுவானாலும், வந்திருக்கும் ஆல்டர்மேன்களில் எவரேனும் இரண்டு பேர் கேட்டால், இறுதி முடிவு அடுத்த வழக்கமான கூட்டத்துக்குத் தள்ளிப்போக வேண்டும். எழுபதில் இரண்டே பேர்! இடையில் வாசகம் அச்சாகிவிடும், நாளிதழ்கள் படித்துவிடும். டிராம் உரிமம் போன்ற பெரிய பணம் புழங்கிய விஷயங்களில் இந்த ஒரு வாரம் ஊருக்கு எவ்வளவு உதவியது என்பதை இன்னும் விரிவாக ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

நிறைவேறிய தேதியையும் அமலான தேதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அபராதம் விதிக்கும் சட்டமும் நிதி ஒதுக்கும் சட்டமும் ஒரு மாதத்துக்குள் வெளியிடப்பட வேண்டும், வெளியாகி 10 நாள் கழித்தே அமலாகும்.

அன்று ஏட்டின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். 1906 ஜனவரிக் கூட்டம் 1905–06 தொகுதியில்தான் இருக்கும்.

வரைபடப் பிரியர்:

வீட்டு எண் பொருந்தாததற்குக் காரணம் 1909. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சிகாகோ முழுக்க எண் மாறியது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம் பூஜ்யம், அங்கிருந்து மைலுக்கு 800 எண். மேடிசனுக்குத் தெற்கே முதல் மூன்று மைலில் மட்டும் கணக்கு வேறு: 1200, 1000, 900. தெருவின் வடக்கு, மேற்குப் பக்கங்களில் இரட்டைப்படை எண். தெற்கு, கிழக்குப் பக்கங்களில் ஒற்றைப்படை. நகர மையத்துக்கு இது 1911 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே உங்கள் ஏட்டில் உள்ளவை எல்லாமே பழைய எண்கள். பழசையும் புதுசையும் இணைத்துத் தரும் அச்சுப் பட்டியல் உண்டு. முதலில் அதில் பாருங்கள். கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், பழைய முறை பகுதிக்குப் பகுதி வேறாக இருந்தது.

வரிப்பட்டியலில் வீட்டு எண்ணே இருக்காது. மனை, பிளாக், உட்பிரிவு (மனைகளாகப் பிரித்த நிலப்பகுதி) என்றுதான் எழுதியிருப்பார்கள். உட்பிரிவு வரைபடத்தில் மனையைக் கண்டுபிடித்து, அதன் பிறகு தீக்காப்பீட்டு வரைபடத்தில் கட்டடத்தைப் பாருங்கள். வார்டு எண்ணை நம்பி மட்டும் தேட வேண்டாம், 1901-இலும் 1911-இலும் எல்லைகள் மாறின. தெருப் பெயரும் மாறியிருக்கலாம். 1913-இல் ஏராளமான பெயர்களை மாற்றினார்கள்.