விதைவழி நோயும் விதைதங்கு பூசணமும்

பயிர் நோய்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது, ‘சீட்-போர்ன்’ (seed-borne) என்பதற்கு ‘விதைவழிப் பரவும்’ என்று எழுதுவதே வழக்கமாக இருக்கிறது. தனியே படிக்கையில் அது உறுத்துவதில்லை. அடுத்த வரியிலேயே ‘சீட்-டிரான்ஸ்மிட்டட்’ (seed-transmitted) வந்துவிட்டால்தான் கைவசம் வேறு சொல் இல்லாமல் திகைக்க வேண்டியுள்ளது. விதையில் ஒரு பூசணம் இருப்பது ஒன்று. அது முளைத்த செடிக்குள் ஏறி நோயாவது வேறொன்று.

2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எத்தனாலுக்காகக் குறிப்பிடும் பயிர்களில் ஒன்றான இனிப்புச் சோளத்தையே (கடையில் விற்கும் ஸ்வீட் கார்ன் அன்று, தண்டில் இன்சாறு ஏறும் சோளம்) எடுத்துக்கொள்வோம். தானியக் கரிப்பூட்டை என்னும் பூசண நோய் கண்ட கதிரில் மணிகளுக்குப் பதிலாகக் கருந்தூள் நிரம்பிய சிறு பைகள் இருக்கும். கதிரடிக்கும்போது அவை உடைந்து, தூள் நல்ல மணிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். அம்மணியை விதைத்தால், தூளிலுள்ள பூசண வித்துகளும் உடன்முளைத்து இளங்குருத்துக்குள் புகுந்து, கதிர் வெளிவரும் வரை வெளியே தெரியாமல் செடியோடு வளரும். இங்கே தங்கலும் உண்டு, பரவலும் உண்டு.

ஈரத்தாள் சோதனை வேறு கதை சொல்கிறது. நனைத்த வடிதாளின் மேல் 400 விதைகளைப் பரப்பி 7 நாள் வைத்துப் பார்த்தால், சில விதைகளின் மேல் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூசணம் மஞ்சட்பச்சையாகப் பொடி பூத்திருக்கும். ஈரம் உலராமல் சேமித்ததன் விளைவு அது. முளைப்பைக் கெடுக்குமே தவிர, வயலில் நிற்கும் பயிருக்கு நோயாக ஏறுவது வழக்கமில்லை. இதை ‘விதைவழிப் பரவும் பூசணம்’ என்று எழுதுவது பிழை.

ஆகவே விதையில் இருப்பதை மட்டும் சொல்லும் ‘சீட்-போர்ன்’ என்பதற்கு ‘விதைதங்கு’ என்றும், செடிக்குள் ஏறுவதைச் சொல்லும் ‘சீட்-டிரான்ஸ்மிட்டட்’ என்பதற்கு ‘விதைவழிப் பரவல்’ என்றும் கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘விதையுறை’ என்பதை நானும் முதலில் எண்ணினேன். அது விதையின் மேல்தோலுக்கு ஏற்கெனவே வழங்குவதால் கைவிட்டேன். ‘தங்கு’ வினைத்தொகையாக நிற்பதால், தங்கிய, தங்கும் என இரண்டுக்கும் இடந்தருகிறது. ‘வரைபாய்’ (மலையில் பாயும்) என்பதுபோல ஒற்றும் மிக வேண்டியதில்லை. கரிப்பூட்டைத் தூளைப் போல மேலே ஒட்டியிருப்பதைப் ‘புறத்தங்கல்’ என்றும், கோதுமையின் உதிரிக் கரிப்பூட்டையைப் போல முளைக்கருவுக்குள் இருப்பதை ‘அகத்தங்கல்’ என்றும் பிரிக்கவும் இச்சொல் இடங்கொடுக்கும். முன்னதை விதையின் மேற்பூச்சு மருந்தே தடுத்துவிடும், பின்னதற்கு உள்ளே ஊடுருவும் மருந்து தேவை என்பதால், இப்பிரிவு சொல்லலங்காரம் அன்று.

பூசணமா, பூஞ்சையா, இலங்கைப் பாடநூல்களின் பங்கசா என்பதை இங்கே இழுக்க வேண்டாம். மூன்றோடும் ‘விதைதங்கு’ ஒட்டும். ஒரு சோதனை வாக்கியம் தருகிறேன்: “இம்மாதிரியில் விதைதங்கு பூசணங்கள் காணப்பட்டன, விதைவழிப் பரவல் உறுதிப்படவில்லை.” விதைச் சோதனை அறிக்கை எழுதுவோர் இதைப் படித்து, எங்கே இடறுகிறது என்று சொல்ல வேண்டுகிறேன்.